இறுதிச் சம்பள பென்ஷன் மூடப்படுகிறது என்று கடிதம் வந்தால்

இறுதிச் சம்பள பென்ஷன் என்பது வேலையை விடும்போது வாங்கும் சம்பளத்தையும் உழைத்த ஆண்டுகளையும் வைத்துக் கணக்கிட்டு வாழ்நாள் முழுதும் தரும் பென்ஷன். பிரிட்டனில் ஒரு நிறுவனம் தன் இறுதிச் சம்பள பென்ஷன் திட்டத்தை மூடப்போகிறது என்றால், எந்த வகை மூடல் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைச் சேர்க்காமல் நிறுத்துவது ஒரு வகை. உள்ளே இருப்பவர்களை அது தொடாது. மற்றது, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களும் இன்ன தேதிக்குப் பிறகு மேற்கொண்டு பென்ஷன் சேர்க்க முடியாது என்பது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பெரிய திட்டமும், பழைய வடிவில் இருந்த ராயல் மெயில் திட்டமும் 2018 மார்ச் 31ஆம் தேதியோடு இப்படித்தான் நின்றன. இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அரசு ஊழியர்கள், மருத்துவத் துறை, ஆசிரியர்கள் ஆகியோரின் பென்ஷன் சராசரிச் சம்பள முறைக்கு மாறியது வேறு கதை.

கடிதம் வந்ததும் பலர் பயப்படுவது சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்றுதான். போகாது. இதுவரை உழைத்துச் சேர்த்த உரிமையை உறுப்பினரின் சம்மதமில்லாமல் குறைக்க முடியாது. 1995ஆம் ஆண்டு பென்ஷன் சட்டத்தின் 67ஆம் பிரிவு அதைக் காக்கிறது. திட்டம் மூடும் நாளில் நீங்கள் வேலையை விட்டுப் போனவரைப் போலக் கருதப்படுவீர்கள். அன்றைய சம்பளம், அன்றுவரை உழைத்த ஆண்டுகள் இரண்டையும் வைத்து ஒரு தொகை கணக்கிட்டு ஒதுக்கி வைப்பார்கள். வேலை தொடரும், சம்பளமும் வரும். ஆனால் அந்தத் தொகைக்கும் உங்கள் எதிர்காலச் சம்பளத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும்.

அறுந்த பிறகு அந்தத் தொகை எப்படி வளரும்? இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒதுக்கி வைத்த பென்ஷன் விலைவாசிக் குறியீட்டோடு உயரும், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2009 ஏப்ரல் 6க்கு முன்பு சேர்ந்த பகுதிக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், அதற்குப் பிறகு சேர்ந்த பகுதிக்கு 2.5 சதவீதம். இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். உங்கள் திட்டத்தின் விதிகள் இதைவிடத் தாராளமாகவும் இருக்கலாம். இந்த உச்சவரம்பை ஆண்டுதோறும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, மூடிய நாளிலிருந்து ஓய்வு வயது வரையிலான முழுக் காலத்துக்கும் மொத்தமாகப் பார்க்கிறார்கள். 2022 செப்டம்பரில் விலைவாசி 10.1 சதவீதம் ஏறியது. முன்னும் பின்னும் விலைவாசி அடங்கியிருந்த ஆண்டுகள் இருந்தால் அந்த 10.1இன் பெரும்பகுதி ஒதுக்கி வைத்தவருக்குக் கிடைத்துவிடும். பென்ஷன் வாங்கத் தொடங்கிவிட்டவருக்கோ கணக்கு ஆண்டுக்கு ஆண்டு. 1997 ஏப்ரல் முதல் 2005 ஏப்ரல் வரை சேர்ந்ததற்கு 5, அதற்குப் பிந்தையதற்கு 2.5 என்பதே சட்டப்படி கிடைக்க வேண்டிய உச்சம்; அதே 10.1 ஆண்டில் மிச்சம் அவருக்குத் திரும்பி வராது. 1997க்கு முன் சேர்ந்த பகுதிக்குத் திட்டத்தின் விதி என்ன சொல்கிறதோ அதுதான். அதற்குள்ளும், 1978 முதல் 1997 வரை அரசின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகியிருந்த காலத்துக்கான குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைக்குத் தனி விதி உண்டு. ஆகவே திட்ட அலுவலகத்திடம் கேட்கும்போது 'என் பென்ஷன் எவ்வளவு' என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் காலத்தில் சேர்ந்தது எவ்வளவு, ஒவ்வொரு துண்டும் எப்படி உயரும் என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள்.

இழப்பு எவ்வளவு என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். வயது 50, சம்பளம் ஆண்டுக்கு 36,000 பவுண்டு, 20 ஆண்டு உழைப்பு, ஓய்வு வயது 65. திட்டம் ஓர் ஆண்டுக்கு அறுபதில் ஒரு பங்கு தருகிறது. இன்றுவரை சேர்ந்தது 36,000இல் அறுபதில் இருபது, அதாவது ஆண்டுக்கு 12,000. திட்டம் 65 வரை ஓடியிருந்தால் அறுபதில் முப்பத்தைந்து, இன்றைய விலையில் 21,000. பள்ளம் ஆண்டுக்கு 9,000. சம்பளம் விலைவாசியைவிட ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதலாக ஏறியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 24,400 அளவில் கிடைத்திருக்கும், பள்ளம் 12,400. இதில் சுமார் 1,900 இனி வரப்போகும் உழைப்புக்கானதே அல்ல. ஏற்கெனவே உழைத்த இருபது ஆண்டுகளின் பென்ஷன் சம்பளத்தோடு ஏறாமல் நின்றதால் போனது. பதவி உயர்வை எதிர்பார்த்திருப்பவருக்கு இந்தத் தொகை இன்னும் பெரிது.

சரி, 9,000 பள்ளத்தை நிரப்ப எவ்வளவு சேமிக்க வேண்டும்? விலைவாசியோடு உயரும் வருமானமாக வாங்க, முதலில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால் 65 வயதில் 2,25,000 பவுண்டு கையில் இருக்க வேண்டும். முதலீடு விலைவாசிக்கு மேல் 3 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டால், 15 ஆண்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 12,100 போட வேண்டும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! மூடிய பிறகு வரும் புதிய திட்டம் பொதுவாக ஒரு பானை மாதிரி: நீங்களும் நிறுவனமும் போடும் பணம் முதலீடாகி வளர்வதுதான் கிடைக்கும், உறுதியான தொகை இல்லை. அதில் நிறுவனம் 8 சதவீதம் தருகிறது, நீங்கள் 6 போடுகிறீர்கள் என்றால் மொத்தம் ஆண்டுக்கு 5,040. அது 65இல் ஏறக்குறைய 93,700 ஆகும். அதிலிருந்து ஆண்டுக்கு 3,750. மீதி 5,250 அந்தரத்தில் நிற்கிறது. 3, 4 என்ற எண்கள் என் ஊகம்தான், உங்கள் கணக்கில் வேறு போட்டுப் பாருங்கள். ஆனால் எதைப் போட்டாலும் ஒன்று தெரியும்: பழைய திட்டத்தில் சம்பளத்திலிருந்து 6, 7 சதவீதம் பிடித்தபோது அதன் உண்மை விலை முப்பதுக்கும் மேலே இருந்தது. நிறுவனங்கள் மூடுவதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆயுள் நீண்டது, நீண்டகால அரசுப் பத்திர வட்டி பல ஆண்டுகள் தரைமட்டத்தில் கிடந்தது, 1997 பட்ஜெட்டில் பென்ஷன் நிதிகளுக்கான ஈவுத்தொகை வரிச்சலுகை பறிக்கப்பட்டது, பற்றாக்குறையை நிறுவனத்தின் கணக்கேட்டிலேயே காட்ட வேண்டிய விதியும் வந்தது.

கலந்தாலோசனைக் காலத்தில்

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மூடுவதற்கு முன் குறைந்தது 60 நாள் ஊழியர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். இதனால் மூடல் நின்றுபோவது அரிது. நிபந்தனைகள்தான் மாறும். அதனால் 'மூடாதே' என்ற கோரிக்கையிலேயே அறுபது நாளையும் கரைத்துவிடுவது வீண் என்று நினைக்கிறேன்.

கேட்டுப் பெற வேண்டியவை வேறு. ஒதுக்கி வைக்கும் தொகைக்குச் சம்பளத் தொடர்பு நீடிக்குமா? சில நிறுவனங்கள் வேலையில் இருக்கும்வரை அதை விட்டுவைக்கின்றன. இல்லையென்றால் உயர்வின் உச்சவரம்பை 2.5இலிருந்து 5க்கு ஏற்ற முடியுமா? புதிய திட்டத்தில் வயதில் மூத்தவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் கூடுதல் பங்களிப்பு உண்டா?

அடுத்து, யாரும் கவனிக்காத ஒன்று. பழைய திட்டத்தில் உறுப்பினராக இருந்து உடல்நலம் குன்றி வேலையை விட்டால், பல திட்டங்கள் 65 வரை உழைத்ததாகவே கணக்கிட்டுப் பென்ஷன் தரும். பணியில் இருக்கும்போது இறந்தால் துணைக்கான பென்ஷனும் அப்படித்தான். மூடிய மறுநாள் நீங்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட உறுப்பினர். நோயில் விழுந்தால் சேர்ந்த 12,000 மட்டுமே அடிப்படை, துணைக்கு அதில் ஒரு பங்கு. சம்பளத்தின் நான்கு மடங்கு ஆயுள் காப்பீடு தொடரும் என்று கடிதம் பெரிய எழுத்தில் சொல்லும். துணையின் பென்ஷன் சுருங்கியது எந்த மூலையிலும் தெரியாது. நோய்க்கால வருமானக் காப்பீட்டை நிறுவனமே எடுத்துத் தருமா என்று இந்த அறுபது நாளுக்குள் கேட்க வேண்டும்.

ஏவிசி என்கிற கூடுதல் விருப்பச் சேமிப்பு பழைய திட்டத்துக்குள் இருந்தால் இன்னொரு கேள்வி. பல திட்டங்களில் ஓய்வின்போது வரியில்லா ரொக்கத்தை முதலில் ஏவிசியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், பென்ஷனை வெட்ட வேண்டியதில்லை. மூடிய பிறகு ஏவிசியில் புதிதாகப் போட விடுவார்களா, இல்லாவிட்டாலும் இருக்கும் பணத்துக்கு இந்த வசதி தொடருமா? இதை அறியாமல் ஏவிசியைப் புதிய திட்டத்துக்கு மாற்றிவிட்டால் வசதி போயிற்று. படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்வதோடு முடிந்துவிடும் காரியம், திருப்ப முடியாது.

புதிய பானையை நிரப்புவது

சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மொத்தம் 8 சதவீதம், அதில் நிறுவனத்தின் பங்கு 3. அதுவும் முழுச் சம்பளத்துக்கு அல்ல, 6,240க்கும் 50,270க்கும் இடைப்பட்ட பகுதிக்கு மட்டும். இறுதிச் சம்பளத் திட்டத்தை மூடுகிற நிறுவனம் பொதுவாக இதைவிட அதிகம் தரும், பெரும்பாலும் நீங்கள் போடுவதற்கு ஏற்ப. நிறுவனம் எவ்வளவு வரை ஈடுகட்டுகிறதோ அந்த எல்லை வரை போடாதவர் சம்பளத்தில் ஒரு பகுதியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகப் பென்ஷனில் போடச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் அடிப்படை வரி செலுத்துபவருக்கு 100 பவுண்டு பென்ஷனில் சேர, கைக்கு வரும் சம்பளத்தில் 72தான் குறையும்: 20 வருமான வரி, 8 தேசியக் காப்பீடு. அதிக வரி வட்டத்தில் இருப்பவருக்கு 58. நிறுவனமும் தன் பங்கான 15 சதவீதத் தேசியக் காப்பீட்டை மிச்சப்படுத்துகிறது. அதில் பாதியாவது உங்கள் கணக்கில் வருமா என்று கேளுங்கள், சிலர் தருகிறார்கள். 2025 நவம்பர் பட்ஜெட் அறிவிப்பின்படி 2029 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரைதான் இந்தக் காப்பீட்டுச் சலுகை. வருமான வரிச் சலுகை அதற்கு மேலும் உண்டு. முடிந்தவர்கள் அதற்குள் அதிகமாகப் போட்டுவைப்பது புத்தி. ஆண்டு வரம்பு 60,000. சாதாரணச் சம்பளக்காரரை இது தொடாது.

முதலீட்டைப் பொறுத்தவரை, ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் திட்டத்தின் இயல்புநிலை நிதிக்குப் போகும். அதன் கட்டண உச்சம் 0.75 சதவீதம், பெரிய நிறுவனங்களில் அதைவிடக் குறைவு. இயல்புநிலை நிதிகள் பலவும் ஓய்வு நெருங்க நெருங்கப் பணத்தைப் பங்கிலிருந்து கடன்பத்திரத்துக்கு நகர்த்தும். வேறு பென்ஷன் இல்லாதவருக்கு அது பொருந்தலாம். உங்களுக்கு 12,000 உறுதியான வருமானம் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே பெரிய கடன்பத்திரம் மாதிரிதான். புதிய பானையையும் கடன்பத்திரமாக்குவது தேவையில்லாத பயம். பத்திரம் என்றால் பத்திரம் என்றும் இல்லை: 2022இல் நீண்டகால அரசுப் பத்திரங்கள் சரிந்தபோது அடிவாங்கியவர்களில் ஓய்வுக்கு அருகில் இருந்து, இப்படி நகர்த்தப்பட்டவர்கள் உண்டு. இணையக் கணக்கில் 'ஓய்வு வயது' என்று ஒரு பெட்டி இருக்கும். நகர்த்தல் எப்போது தொடங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் எண்ணத்துக்கு ஏற்ப அதை மாற்றுங்கள். இறந்தால் பணம் யாருக்கு என்ற விருப்பப் படிவத்தையும் புதிதாக நிரப்ப வேண்டும். பழைய திட்டத்தில் எழுதிக் கொடுத்தது இங்கே செல்லாது.

மொத்தமாக எடுத்துக்கொண்டு வெளியேறுவது

ஒதுக்கி வைத்த பென்ஷனுக்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகையை வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மூடல் கடிதத்துக்குப் பின்னால் வரும் அந்தத் தொகை மலைக்க வைக்கும். எழுத்தில் தரும் அந்தத் தொகை மூன்று மாதம் வரை செல்லுபடியாகும். 30,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் நிதி ஒழுங்காற்று ஆணையத்தின் அனுமதி பெற்ற சிறப்பு ஆலோசகரிடம் ஆலோசனை பெற்றே ஆக வேண்டும். மாற்றம் நடந்தால் மட்டும் கட்டணம் என்ற முறை 2020 அக்டோபரிலிருந்து பெரும்பாலும் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் திட்டம் 2017இல் பிரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 8,000 உறுப்பினர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனைகளை ஆணையம் பின்னர் ஆராய்ந்தபோது 46 சதவீதம் பொருத்தமற்றவை என்று கண்டது, நஷ்டஈட்டுத் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

பெரும்பாலானோருக்கு என் கருத்து எளிது: தொடாதீர்கள். விலைவாசியோடு ஏறி, சாகும்வரை வந்து, பிறகு துணைக்கும் தொடரும் வருமானத்தை அந்த விலைக்கு வெளியே வாங்க முடியாது. ஆயுள் குறுகியது என்று மருத்துவர் சொல்லிவிட்டவர், துணையோ சார்ந்திருப்பவரோ இல்லாதவர், வேறு பெரிய உறுதியான பென்ஷன் வைத்திருப்பவர், இவர்கள் யோசிக்கலாம். நிறுவனம் திவாலாகிவிடுமே என்ற பயத்தில் மாற்றுவதும் தேவையில்லை. 2005இல் தொடங்கிய பென்ஷன் பாதுகாப்பு நிதியம், ஓய்வு வயதைத் தாண்டியவருக்கு முழுத் தொகையும், தாண்டாதவருக்கு 90 சதவீதமும் தருகிறது. ஆண்டு உயர்வு மட்டும் அங்கே கொஞ்சம் மெலிந்துவிடும்.

எதை முதலில் எடுப்பது

பழைய பென்ஷனைத் தளமாகவும் புதிய பானையைப் பாலமாகவும் வைத்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். மேலே சொன்னவர் 60இல் நிற்க நினைக்கிறார். பழைய பென்ஷனை 60இலேயே எடுத்தால் ஆண்டுக்கு 5 சதவீதம் வெட்டு என்று வைத்துக்கொண்டால் 12,000 வாழ்நாள் முழுதும் 9,000 ஆகிவிடும். ஐந்து ஆண்டில் 45,000 முன்கூட்டிக் கிடைக்கிறது, பிறகு ஆண்டுக்கு 3,000 இழப்பு. 80 வயதைத் தாண்டினால் நஷ்டம். மாறாக, புதிய பானையில் 60 வயதுக்குள் சுமார் 57,800 சேர்ந்திருக்கும். ஆண்டுக்கு 12,000 வீதம் ஐந்து ஆண்டைக் கடக்க 60,000. ஏறக்குறைய பொருந்துகிறது. தனியார் பென்ஷனைத் தொடும் குறைந்தபட்ச வயது 55, 2028 ஏப்ரல் 6 முதல் 57.

வரியும் இந்தப் பக்கமே சாய்கிறது. வருமான வரி இல்லாத எல்லை 12,570. பானையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் கால் பங்குக்கு வரியில்லை. ஆக வேறு வருமானம் இல்லாத ஆண்டில் 16,760 வரை ஒரு பென்னி வரியில்லாமல் எடுக்கலாம். அரசு பென்ஷன் வந்தபிறகு இந்த வசதி இல்லை. 2025-26இன் முழு அரசு பென்ஷன் வாரம் 230.25, ஆண்டுக்கு 11,973. அதுவே எல்லையை ஏறக்குறைய விழுங்கிவிடும். ஒன்று கவனம்: பானையிலிருந்து இப்படி வரிக்குரிய பணத்தை எடுத்த பிறகு மீண்டும் வேலைக்குப் போனால், பானை வகைத் திட்டங்களில் ஆண்டுக்கு 10,000க்கு மேல் போட்டால் வரி விழும்.

பென்ஷனை வெட்டி ரொக்கம் வாங்குவது பற்றி. ஆண்டுக்கு 1 பவுண்டு பென்ஷனை விட்டால் எத்தனை பவுண்டு ரொக்கம் என்பதைத் திட்டமே முடிவு செய்கிறது. 15 என்றால், 12,000 பென்ஷனில் அதிகபட்சம் சுமார் 55,400 ரொக்கமும் 8,300 பென்ஷனும் வரும். 12 என்றால் மறுத்துவிடலாம் என்பேன். 20ஐத் தாண்டினால் யோசிக்கலாம், ஏனென்றால் ரொக்கத்துக்கு வரியில்லை, பென்ஷனுக்கு உண்டு. பல திட்டங்களில் துணையின் பென்ஷனை வெட்டுக்கு முந்தைய தொகையிலிருந்தே கணக்கிடுகிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு பென்ஷனும் திரும்பிப் போகிறவர்களும்

முழு அரசு பென்ஷனுக்கு 35 ஆண்டுத் தேசியக் காப்பீடு வேண்டும், எதுவும் கிடைக்கக் குறைந்தது 10. பெறும் வயது 2026 ஏப்ரலுக்கும் 2028 ஏப்ரலுக்கும் இடையே 66இலிருந்து 67 ஆகிறது. இறுதிச் சம்பளத் திட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 2016 ஏப்ரல் வரை அரசின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகி, குறைந்த காப்பீடு கட்டியவர்கள். அதனால் 35 ஆண்டு இருந்தும் அரசு தரும் பென்ஷன் முன்கணிப்பில் முழுத் தொகை காட்டாமல் போகலாம். 2016க்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டும் முழுத் தொகை வரை முப்பத்தைந்தில் ஒரு பங்கைக் கூட்டும். விடுபட்ட ஆண்டை வாங்க 2025-26இல் வாரம் 17.75, ஆண்டுக்கு 923; அது ஆண்டுக்கு 342 பவுண்டைக் கூட்டுகிறது. மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும், இவ்வளவு மலிவாக வேறெங்கும் வருமானம் கிடைக்காது. கடந்த ஆறு ஆண்டுகளுக்குத்தான் வாங்க முடியும். வேலையை விட்டுப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கு, அரசு பென்ஷன் வயதை எட்டாதவரையில், பிள்ளையின் பெற்றோருக்குத் தேவைப்படாத காப்பீட்டு வரவை மாற்றிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பிள்ளை 12 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், விண்ணப்பமும் போட வேண்டும்.

நம்மவர்களில் ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் கணக்கை இன்னொரு முறை போட வேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் வசிப்பவருக்கு அரசு பென்ஷன் ஆண்டுதோறும் உயராது. அங்கே குடியிருக்கும்போது முதல் தடவை வாங்கிய வாரத் தொகையே, அல்லது போகும்போது இருந்த தொகையே, இருபது ஆண்டு கழித்தும் வரும். பிரிட்டனுக்கு மீண்டும் குடிவந்தால் நடப்புத் தொகைக்கு ஏறும். மூடப்பட்ட இறுதிச் சம்பளத் திட்டத்தின் பென்ஷனுக்கு இந்தக் கட்டு இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் விதிப்படி உயரும். ஊருக்குப் போகிறவர் ரொக்கத்துக்காக அதை வெட்டுவதற்கு முன், அங்கே உயரப்போகும் ஒரே பிரிட்டிஷ் வருமானம் அதுவாக இருக்குமா என்று பார்த்துவிட்டு, திட்ட அலுவலகத்துக்கு வெளிநாட்டு முகவரியையும் அவ்வப்போது கேட்கும் உயிர்ச் சான்றிதழையும் தவறாமல் அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அது வராவிட்டால் பென்ஷனை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.